ஒரு நாளைக்கு அரைப் பக்கம்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவியர் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



எழுத்துப் பழக்கம் பற்றிப் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது முதலில் மறுத்தேன். நான் பெரிய எழுத்தாளர் அல்ல. முப்பது வருடத்துக்கு மேல் ஆசிரியராக இருந்தேன். அறுபத்தாறு வயதில் ஒரேயொரு சிறுகதைத் தொகுதி வெளியிட்டேன். ஆனால் போன மாதம் இதே மண்டபத்தில் நடந்த எழுத்துப் பயிற்சியில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "ரீச்சர், எழுத மனம் வராத நாளிலை நீங்கள் என்ன செய்வீங்கள்?" என்று கேட்டாள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான், அது பதில் இல்லை என்று எனக்கே உறைத்தது. இன்று நான் பேசப்போவது அந்தப் பிள்ளைக்குக் கொடுத்திருக்க வேண்டிய பதில்.

அதற்கு என் கதையில் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இந்தப் பாடசாலையில் உயர்தரம் படித்த காலத்திலேயே நான் கதை எழுதத் தொடங்கிவிட்டேன். 1970களில் நாலைந்து கதைகள் அச்சிலும் வந்தன. எழுதியவற்றை எல்லாம் கொப்பிகளில் பிரதிபண்ணி ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். பதினொரு கொப்பி. 1987 மே 26ஆம் திகதி வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியது. பிள்ளைகளையும் உடுபுடவையையும் பத்திரங்களையும் தூக்கிக்கொண்டு ஓடினோம். திரும்பி வந்தபோது வீட்டில் கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேலாக, "நீங்கள் முந்தி எழுதினீங்கள் எல்லோ, ஏன் இப்ப எழுதிறேல்லை?" என்று யார் கேட்டாலும் என்னிடம் ஒரு விடை தயாராக இருந்தது. "என்ரை கொப்பியெல்லாம் போட்டுது." கேட்பவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். இந்த ஊரில் எதை எதையோ இழந்தவர்கள் அவர்கள், மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.

2013இல் ஓய்வு பெற்றேன். அடுத்த நாட் காலை வழக்கம்போல ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. பாடக்குறிப்பு எழுத வேண்டியதில்லை. தேத்தண்ணியோடு இருந்து, அந்தப் பதினொரு கொப்பியிலும் என்ன இருந்தது என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். கதைகள் வரிசையாக வந்தன. கடைசிக் கதையின் கீழே நான் போட்ட திகதியும் வந்தது. அது 1979. மூத்த பிள்ளைக்கு அப்போது இரண்டு வயது. அப்படியென்றால் 1979க்கும் 1987க்கும் இடையில் நான் ஒரு வரியும் எழுதவில்லை. கொப்பிகளைப் போர் கொண்டுபோனது உண்மை. எழுதும் பழக்கத்தை நான் அதற்கு எட்டு வருடம் முன்பே கைவிட்டிருந்தேன். அதைக் கொண்டுபோனதற்கு வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இதை என் பிள்ளைகளிடம்கூட நான் சொன்னதில்லை. இன்றுதான் வாய்விட்டுச் சொல்கிறேன்.

அன்று காலையே பக்கத்துக் கடையில் எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். நாளுக்கு அரைப் பக்கம் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டேன். நல்லாக இருந்தாலும் அரைப் பக்கம், நல்லாக இல்லாவிட்டாலும் அரைப் பக்கம். ஐந்தரை மாதத்துக்குள் கொப்பி முடிந்தது. வருடத்துக்கு நூற்றெண்பது பக்கம். அதில் நூற்றைம்பது பக்கம் குப்பை. மிச்சம் முப்பது பக்கத்தில் இரண்டு கதை இருந்தது.

பிள்ளைகளே, உங்கள் அம்மம்மாமார் காலையில் முற்றம் கூட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வேப்பம்பூ கொட்டினாலும் கூட்டுவார்கள், ஒன்றுமே விழாவிட்டாலும் கூட்டுவார்கள். "இன்றைக்கு எனக்குக் கூட்ட மனம் வரவில்லை, வரும்போது கூட்டுகிறேன்" என்று விளக்குமாற்றைச் சாத்திவிட்டு இருந்த அம்மம்மாவை நான் கண்டதில்லை. நாலு நாள் விட்டால் முற்றம் முற்றமாக இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். மனம் வராத நாளில் என்ன செய்வது என்ற கேள்விக்கு நான் கண்ட விடை இதுதான். மனத்தைக் கேட்கக் கூடாது. நேரம் வந்தால் கொப்பியைத் திறக்க வேண்டும். பெரும்பாலான நாட்களில் மூன்றாவது வரி எழுதும்போது மனமும் பின்னாலே வந்துவிடும். வராத நாட்களும் உண்டு. அன்றைக்கும் அரைப் பக்கம்தான்.

"எங்கை ரீச்சர் இடம் இருக்கு, எங்கை நேரம் இருக்கு?" என்று கேட்பீர்கள். ஆங்கில எழுத்தாளர் வேர்ஜினியா வுல்ஃப் 1929இல் எழுதிய நூலொன்றில், பெண் எழுதுவதற்குச் சொந்தமாகப் பணமும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்று வாதிட்டார். அது நியாயமான கோரிக்கை. ஆனால் அறை கிடைக்கும்வரை காத்திருக்காதவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுத் துவரங்குறிச்சியில், வெளியே போக அனுமதியில்லாத வீட்டுக்குள் இருந்து, எல்லோரும் உறங்கிய பின் குளியலறைக்குள் நின்று கவிதை எழுதியவர் சல்மா. அந்தத் தாள்களை வெளியுலகுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவருடைய தாய். யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தன் முடிதிருத்தும் கடையையே அலுவலகமாக்கி 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கினார். தாளும் மின்சாரமும் இல்லாத காலங்களையும் கடந்து நாற்பது வருடத்துக்கு மேல் அதை நடத்தினார். ஆரம்பப் பாடசாலையோடு படிப்பை விட்டவர் அவர். நமக்கு அடுப்படியில் ஒரு பலகையாவது இருக்கிறது.

தூரத்து உதாரணம் எதற்கு? நமது ஊரின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். கிழக்கே பொலிகண்டி. அங்கே பிறந்த தெணியான் ஆசிரியத் தொழில் செய்துகொண்டே சிறுகதையும் நாவலும் எழுதினார். தான் வளர்ந்த மண்ணில் கண்ட சாதிக் கொடுமையைக் கடைசிவரை எழுதினார். மேற்கே தொண்டைமானாறு. அங்கிருந்து 'குந்தவை' என்ற புனைபெயரில் எழுதியவரும் ஓர் ஆசிரியை. 1963இல் ஆனந்த விகடனில் அவருடைய சிறுகதை வெளிவந்தது. 'யோகம் இருக்கிறது' என்ற முதல் தொகுதி வந்தது 2002இல். கிட்டத்தட்ட நாற்பது வருட இடைவெளி. எண்ணிக்கையில் குறைவான கதைகள்தான். ஆனால் இடப்பெயர்வையும் சோதனைச் சாவடிகளையும் பற்றி எத்தனையோ கட்டுரைகள் சொல்லாததை அவருடைய சில பக்கங்கள் சொல்கின்றன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தினமும் எழுதுவது வேறு, தினமும் வெளியிடுவது வேறு. இக்காலத்தில் கைபேசியில் எழுதிய கையோடு ஊருலகம் முழுவதற்கும் அனுப்பிவிட முடிகிறது. பத்துப்பேர் பாராட்டினால் எழுத்து முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். அரிசி வெந்ததா என்று பார்க்காமல் பானையை இறக்கினால் எப்படி? கொப்பிக்குள் கிடந்து வேக வேண்டியது வேகட்டும்.

இனி, எழுத்தை எப்படித் திருத்திக்கொள்வது என்பதற்கு வருகிறேன். இதை எனக்குக் கற்றுத் தந்தது புத்தகம் அல்ல. பக்கத்து வளவில் இருந்த ஓர் அம்மா.

1990களின் தொடக்கத்தை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் நெருப்பு விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் பஞ்சும் திரியும் வைத்து எரித்தோம். பத்திரிகைகள்கூடக் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தன. பிள்ளைகள் வெளிநாட்டில், தாய்மார் இங்கே. கடிதங்களைக் கிளாலிக் கடல் தாண்டிக் கொழும்புக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்து விடுவோம். எழுதத் தெரியாத, அல்லது கண் தெரியாத அம்மாமாருக்குப் பின்னேரங்களில் நான் கடிதம் எழுதிக் கொடுப்பேன்.

அந்த அம்மாவின் மகன் ஜேர்மனியில் இருந்தான். அவ சொல்லச் சொல்லக் கேட்டு நான் எழுதினேன். எனக்குள் இருந்த பழைய கதாசிரியை அன்று விழித்துக்கொண்டாள் போலும். அவ சொன்னதை அப்படியே எழுதாமல் 'அழகாக' எழுதினேன். "அன்பு மகனே, உன் பிரிவுத் துயரில் என் உள்ளம் அனலிடை மெழுகாய் உருகுகிறது" என்று தொடங்கி இரண்டு பக்கம். முடித்ததும் அம்மா, "வாசி பிள்ளை, கேப்பம்" என்றா. வாசித்தேன். எனக்கே தொண்டை அடைத்தது. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னா:

"வடிவாத்தான் இருக்கு பிள்ளை. ஆனால் இது நான் சொன்னதில்லை. பின்வளவு முருங்கை காய்ச்சுக் குலுங்குது, புடுங்க ஆளில்லை எண்டெல்லோ நான் சொன்னனான். அதை ஏன் விட்டனி? அவன் தான் கொக்கத்தடி கொண்டு இழுக்கிறவன். இதை வாசிச்சால், ஆரோ எழுதிக் குடுத்தது எண்டு எறிஞ்சு போடுவான்."

விளக்கில் எண்ணெய் குறைந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு பக்கத்தையும் மடித்து வைத்துவிட்டு, மிச்ச வெளிச்சத்துக்குள் அரைப் பக்கத்தில் புதிதாக எழுதினேன். முருங்கை காய்த்திருக்கிறது, பறிக்க ஆளில்லை. கிணற்றுக் கப்பி கிறீச்சிடுகிறது, நீ வந்துதான் எண்ணெய் போட வேண்டும். நாய் இப்போதும் இரவு ஏழு மணிக்குப் படலையடியில் போய்ப் படுக்கிறது. இவ்வளவுதான் கடிதம். துயரம், பிரிவு, உள்ளம் என்று ஒரு சொல்லும் இல்லை. மூன்று மாதம் கழித்து மகனிடமிருந்து பதில் வந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டியவள் நான்தான். நாயைப் பற்றிய வரியைப் படித்துவிட்டு, வேலைக்குப் போகாமல் அன்று அறையிலேயே இருந்துவிட்டதாக எழுதியிருந்தான்.

அந்த ஒரு கடிதத்தில் எனக்கு மூன்று பாடம் கிடைத்தது. இன்றும் நான் எழுதுவதை அந்த மூன்றாலும்தான் சோதித்துப் பார்க்கிறேன்.

முதலாவது, உணர்ச்சியின் பெயரை எழுதாமல் பொருளின் பெயரை எழுதுவது. 'துயரம்' என்ற சொல்லில் துயரம் இல்லை. புடுங்க ஆளில்லாத முருங்கையில் இருக்கிறது. நமது பிள்ளைகளின் பரீட்சைக் கட்டுரைகளை வருடக்கணக்காகத் திருத்தியவள் நான். எல்லாக் கட்டுரையிலும் கதிரவன் பொற்கதிர் பரப்புவான், புள்ளினங்கள் இன்னிசை பாடும். கடற்கரையில் பிறந்த பிள்ளையும் அதைத்தான் எழுதும், வயற்கரையில் பிறந்த பிள்ளையும் அதைத்தான் எழுதும். மனனம் செய்த கட்டுரை அது. புள்ளிக்கு உதவும், எழுத்துக்கு உதவாது.

'காற்று வீசியது' என்று எழுதுகிறோம். இந்த ஊரில் அப்படி ஒரு காற்று உண்டா? சோளகம் உண்டு, வாடை உண்டு, கச்சான் உண்டு, கொண்டல் உண்டு. எந்தக் காற்று என்று தெரிந்தால்தான் எந்த மாதம், எந்தப் பக்கம் கடல் அடிக்கிறது, யார் வீட்டில் உலை வைப்பார்கள் என்பது தெரியும். பாய்க்கப்பல் ஓட்டிய தண்டையல்மாரின் பேரப்பிள்ளைகள் நாம். 'காற்று' என்று மட்டும் எழுதினால் அவர்களுக்கு வெட்கம். தைப்பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையில் பட்டம் ஏற்றும் பையனைக் கேட்டுப் பாருங்கள். விண், முச்சை, வால் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்வான். அந்தச் சொற்கள் எல்லாம் நமது வாயில் இருக்கின்றன, கொப்பியில்தான் இல்லை.

தெரியாத சொல்லைக் கேட்டு அறிய வெட்கப்படவும் கூடாது. தமிழ்நாட்டு எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றி 'கரிப்பு மணிகள்' எழுதுவதற்கு அந்த உப்பளங்களுக்கே போனார். மீனவரைப் பற்றி எழுதுவதற்குக் கடற்கரைக் குடியிருப்புகளுக்குப் போனார். பார்த்துப் பேசிக் கேட்டு எழுதுவதை ஒரு முறையாகவே வைத்திருந்தார். நமக்குப் பஸ் ஏறத் தேவையில்லை. ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குப் போனால் போதும்.

இரண்டாவது பாடம், வாசித்துக் காட்டுவது. "வாசி பிள்ளை" என்று அந்த அம்மா சொன்னதுபோல என்னிடம் எந்த ஆசிரியரும் சொன்னதில்லை. கண் தவறை மன்னிக்கும், காது மன்னிக்காது. நமது கோயில்களில் புராண படனம் நடப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர் பயன் சொல்லுவார். வாசிக்கிறவர் ஓரிடத்தில் தடக்கினால் சபை முழுவதும் நிமிர்ந்து பார்க்கும். நானும் எழுதியதை ஒரு கிழமை மூடி வைத்துவிட்டு, பிறகு கதவைச் சாத்தி உரக்க வாசிப்பேன். மூச்சு முட்டுகிற இடத்தில் வசனம் நீளம். நாக்குத் தடக்குகிற இடத்தில் சொல் பிழை. எனக்கே வெட்கமாக இருக்கிற இடத்தில் நான் பொய் சொல்லியிருக்கிறேன். மூன்றையும் பென்சிலால் கீறிவைத்துத் திருத்துவேன்.

உங்களுக்குக் கேட்க ஒருவர் வேண்டும். புகழ்கிறவரைத் தேடாதீர்கள். "இது நான் சொன்னதில்லை" என்று சொல்லக்கூடிய ஒருவரைத் தேடுங்கள். ஒருவர் போதும்.

மூன்றாவது, எண்ணெய் முடியுமுன் முடிப்பது. இரண்டு பக்கத்தில் சொன்னதைவிட அரைப் பக்கத்தில் சொன்னது அந்த மகனைச் சேர்ந்தது. அந்தக் காலத்து நீல நிற விமானக் கடிதத்தில் ஓரத்தில்கூட எழுதி நிரப்பிய அக்காமாருக்கு நான் சொல்வது விளங்கும். இடம் குறைவு என்று தெரிந்தால் எது முக்கியம் என்று மனம் தானாகத் தெரிந்தெடுக்கும். இன்று தாளுக்கும் வெளிச்சத்துக்கும் குறைவில்லை. ஆகவே குறைப்பதை நாமேதான் செய்ய வேண்டும். என் கதையில் முதற் பந்தியை வெட்டிவிட்டு இரண்டாம் பந்தியில் தொடங்கினால் கதை கெட்டுப்போகிறதா என்று எப்போதும் பார்ப்பேன். பத்துக்கு எட்டுத் தடவை கெடுவதில்லை.

இனிச் சொல்லப் போவது கொஞ்சம் சங்கடமான விஷயம். ஊர் என்ன சொல்லும்?

எழுபதுகளில் வெளிவந்த என் கதை ஒன்றில் வந்த பெண், தான்தான் என்று உறவுக்காரப் பெண் ஒருத்தி எண்ணிக்கொண்டா. பல வருடம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. இன்னொருவர் என் கணவரின் வீட்டாரிடம், "குடும்பப் பொம்பிளை எழுதிற கதையே இது?" என்று கேட்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் 1979இல் பேனா நின்றதற்குப் பிள்ளை மட்டும் காரணமல்ல. இந்தப் பேச்சும் ஒரு காரணம். நம்மில் எத்தனையோ பேரின் கொப்பி இப்படித்தான் மூடியிருக்கிறது.

இந்தப் பயம் புதிதல்ல. மங்களநாயகம் தம்பையா 1914இல் 'நொறுங்குண்ட இருதயம்' நாவலை வெளியிட்டார். ஈழத்துத் தமிழ்ப் பெண் எழுதிய முதல் நாவல் அது. ஒரு பெண்ணின் துன்பமான மணவாழ்வை, நூறு வருடத்துக்கு முன் இருந்த யாழ்ப்பாணத்தில், தன் சொந்தப் பெயரில் எழுதினார். பின்னால் வந்தவர்களில் பலர் புனைபெயரைத் துணைக்கு எடுத்தார்கள். குறமகள், யாழ்நங்கை, குந்தவை என்று. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புனைபெயர் மழைக்குப் பிடிக்கிற குடை மாதிரி. நனையாமல் நடந்தால் போதும்.

நான் இப்போது ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறேன். உயிரோடு இருப்பவரைப் பற்றி எழுத வேண்டி வந்தால் ஊரை மாற்றுவேன், தொழிலை மாற்றுவேன், பிள்ளைகளின் தொகையை மாற்றுவேன். நடந்ததன் உண்மையை மாற்றமாட்டேன். அவர் வந்து வாசித்தால் என் முகத்தைப் பார்க்க முடியுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வேன். முடியாது என்றால் அவசியமா என்று கேட்பேன். அவசியம் என்றால் எழுதுவேன். கோபத்தைத் தீர்க்க என்றால் கொப்பியிலேயே விட்டுவிடுவேன்.

கடைசியாக, எழுதியதைக் காப்பாற்றும் பழக்கம். இதை நம்மைப்போல வேறு யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. 1986இல் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' என்ற தொகுப்பை வெளியிட்டது. நம் பெண்களின் கவிதைகள் ஒன்றாகத் திரண்டு வந்த நூல் அது. அதில் எழுதியவர்களில் ஒருவர் சிவரமணி. 1991இல் அவர் மறைவதற்கு முன் கையிலிருந்த தன் கவிதைகளைத் தானே எரித்துவிட்டார். இன்று நாம் வாசிக்கக் கிடைப்பவை, அச்சில் வந்தவையும் நண்பர்கள் கையில் இருந்தவையும்தான். ஒரு பிரதி இன்னொருவரிடம் இருந்தபடியால் தப்பின.

என் பதினொரு கொப்பிக்கு இன்னொரு பிரதி இருக்கவில்லை. பத்திரிகைக்கு அனுப்பிய கதை ஒன்று திரும்பி வரவேயில்லை. அதற்கும் பிரதி இல்லை. இன்று கைபேசியால் படமெடுத்து மகளுக்கு ஒன்று, பேத்திக்கு ஒன்று அனுப்பிவிடுகிறேன். 2005 முதல் நூலகம் என்ற இணைய நூலகம் நமது நூல்களையும் சஞ்சிகைகளையும் பாடசாலை மலர்களையும்கூட மின்வடிவில் சேர்த்து வருகிறது. பரணில் கிடக்கும் பழைய மலர்களைக் கறையானுக்குக் கொடுக்காமல் அப்படியான இடங்களுக்குக் கொடுங்கள்.

இவ்வளவும் எதற்காக? எல்லோரும் கதாசிரியர் ஆக வேண்டுமா? இல்லை.

நம் ஊரில் கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது நம் ஊருக்குப் பெருமை. அதை வாங்கியவர் பெயர், போன வருடம், பிறகு வைத்த பெயர் எல்லாம் பதிவில் இருக்கின்றன. அதில் போனவர்களைப் பற்றி நாம் பேசுகிறோம். அவர்களின் வீடுகளில் இருந்த பெண்கள் அத்தனை மாதமும் எப்படி இருந்தார்கள், அரிசிக்கு என்ன செய்தார்கள், அம்மன் கோயிலில் என்ன நேர்ந்தார்கள், செய்தி எப்படி வந்தது என்று ஒரு பெண் எழுதிய ஒரு பக்கத்தை நான் வாசித்ததில்லை. இரங்கூனுக்கும் அக்கியாப்புக்கும் நாகபட்டினத்துக்கும் போன கப்பல்கள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். கரையில் நின்றவர்களின் கதை கரையோடு போய்விட்டது.

நம் காலத்துக் கதையும் அப்படிப் போகலாம். பங்கருக்குள் பிள்ளை பெற்ற அக்கா இந்த மண்டபத்தில் இருக்கிறா. கிளாலியில் இரவு படகில் பரீட்சைக்குப் போன தங்கை இருக்கிறா. ரொரன்ரோவில் இரண்டு வேலை செய்து தம்பிமாரைக் கரையேற்றிய அக்கா, இந்த விழாவுக்கென்று வந்து மூன்றாம் வரிசையில் இருக்கிறா. தேத்தண்ணி நேரத்தில் நீங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்ததையும் அழுததையும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதில் ஒன்றும் எங்கும் எழுதப்படவில்லை. நமக்குப் பிறகு அது இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். சங்கத்தில் கேட்டு அனுமதியும் வாங்கிவிட்டேன். வெளியே போகும்போது வாசல் மேசையில் எண்பது பக்கக் கொப்பிகள் அடுக்கியிருக்கின்றன. ஆளுக்கு ஒன்று எடுத்துப் போங்கள். நாளுக்கு அரைப் பக்கம். வரும் தைப்பொங்கலுக்குள் அதிலிருந்து நல்லதாக ஒரேயொரு பக்கத்தைப் பிரதிபண்ணிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். சொந்தப் பெயரிலோ புனைபெயரிலோ, எதுவானாலும் சரி. சோளகம், முருங்கை, படலையடியில் படுத்த நாய், ஏதாவது ஒன்று அதில் இருக்கட்டும்.

கேள்வி கேட்ட பிள்ளைக்கு: உன் பெயர் எனக்குத் தெரியாது, ஆனால் முகம் ஞாபகம் இருக்கிறது, பின்வரிசையில் யன்னலோரம் இருக்கிறாய். மனம் வராத நாளில் நான் என்ன செய்வேன் என்று கேட்டாய். முப்பத்துநாலு வருடம் நான் ஒன்றும் செய்யாமல் இருந்தேன், பிள்ளை. நீ அப்படி இருக்காதே. முதல் கொப்பியை நீயே எடு.